டீ மேக்கருக்கு ஒரு சான்றிதழ் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படித்த இளைஞர்களுக்கு வேலை கிடைக்காதது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்தேன். எழுதியிருந்ததெல்லாம் உண்மை. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. என் அக்கா மகனும் அந்த 20 லட்சத்தில் ஒருவன், அவன் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கட்டுரைகளில் எங்கேயும் என்னைப் போன்றவர்கள் வரவில்லை. எனக்கு 46 வயது. வேலை இருந்தது, போய்விட்டது. இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். நாற்பதைத் தாண்டி வேலை இழந்தவன் எங்கே போய் நிற்கிறான், அவனிடம் என்ன கேட்கிறார்கள் என்று யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் இருப்பவன். அப்பாவும் அம்மாவும் 1964-ம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள். அட்டன் பக்கத்துத் தோட்டத்தை விட்டுக் கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, அப்புறம் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். தெரிந்த தொழில் தேயிலை ஒன்றுதான், அதனால் தேயிலை இருக்கிற மலையாகப் பார்த்து வந்தோம் என்று அப்பா சொல்வார். நான் இங்கேயே பிறந்தவன். பிளஸ் டூ முடித்ததும் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் இலையைக் காய வைக்கிற டிரையர் பக்கம் உதவியாளாகச் சேர்ந்தேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குகிற தொழிற்சாலை அது. தூள் பிரிக்கிற சலிப்பு, இலையை அரைக்கிற சி.டி.சி. மெஷின், இலை வாட்டுகிற தொட்டி என்று ஒவ்வொரு இடமாக மாறி மாறி, பல வருஷம் கழித்து டீ மேக்கர் ஆனேன்.

டீ மேக்கர் என்றால் என்ன வேலை என்று சமவெளியில் இருக்கிற வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பச்சை இலை வண்டியில் வந்து இறங்குவது பெரும்பாலும் சாயங்காலம். அதை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, ராத்திரி முழுக்க வாட்ட வேண்டும். மழையில் பறித்த இலைக்கு ஒரு கணக்கு, வெயிலில் பறித்ததற்கு வேறு கணக்கு. ஜனவரிப் பனியில் கருகின இலை கலந்து வந்தால் அதற்கு இன்னொரு கணக்கு. ஒரு பிடி இலையை உள்ளங்கையில் வைத்து இறுக்கிவிட்டுக் கையை விரித்தால், உருண்டையாக நிற்கிறதா, உடனே விரிந்து உதிர்கிறதா என்று பார்ப்போம். வாட்டம் போதுமா போதாதா என்று அதிலேயே தெரிந்துவிடும். சி.டி.சி. மெஷினில் அரைபட்டு வரும்போது இலை பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் படப் படச் செம்பு நிறத்துக்கு வரும், பச்சை வாசனை போய்ப் பழ வாசனை வரும். அந்த வாசனை வந்ததும் டிரையருக்கு அனுப்பிவிட வேண்டும். விட்டுவிட்டால் டீயில் திடம் இருக்காது. டிரையரில் சூடு கூடினால் காந்தல் அடிக்கும், குறைந்தால் மூட்டையிலேயே பூஞ்சை பிடிக்கும். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் வரும். ஆகவே ஒரு ராத்திரி பிசகினால் எத்தனை விவசாயிகளின் இலை வீணாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குன்னூர் ஏலத்துக்கு முன்னால் தரகர்கள் தூளைச் சுவைத்துப் பார்த்து மதிப்பீடு எழுதுவார்கள். நான் போட்ட டஸ்ட் என்கிற பொடி ரகத் தூளுக்கு அதில் நல்ல வார்த்தை வந்த வாரங்கள் உண்டு. இவ்வளவு விவரமாக இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

தொழிற்சாலை மூடப்பட்டதற்கு முதலாளியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023 செப்டம்பரில் இங்கே சிறு தேயிலை விவசாயிகள் கிலோ பச்சை இலைக்கு 33 ரூபாய் 50 பைசா கேட்டு உண்ணாவிரதம் இருந்ததைத் தாங்களும் செய்தியாகப் போட்டிருப்பீர்கள். அவர்களுக்கு இலை விலை கட்டவில்லை. எங்களுக்கு ஏலத்தில் தூள் விலை கட்டவில்லை. விறகு, மின்சாரம், சி.டி.சி. ரோலருக்குச் சாணை பிடிக்கிற செலவு எல்லாம் ஏறிக்கொண்டே போனது. இலை போட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள், சிலர் காட்டேஜ் கட்ட நிலத்தை விற்றார்கள். வருகிற இலை குறைந்தது. தினமும் ஓடிய மெஷின் வாரத்தில் சில நாள் மட்டும் ஓடியது. பிறகு ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். பணிக்கொடையில் பாதி வந்தது. மீதி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி மூடப்பட்டபோது எல்லோரும் எழுதினார்கள், பேசினார்கள். அது பெரிய அரசு நிறுவனம், பேசத்தான் வேண்டும். முப்பது நாற்பது பேர் வேலை பார்க்கிற தேயிலைத் தொழிற்சாலை ஒன்று பூட்டினால் அது செய்தியே ஆவதில்லை. இந்த மாவட்டத்தில் அப்படி எத்தனையோ பூட்டிவிட்டன. அதில் இருந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று எந்தக் கணக்கிலும் இருக்காது.

சரி, வேலை தேடிய கதைக்கு வருகிறேன். முதலில் போனது மற்ற தேயிலைத் தொழிற்சாலைகளுக்குத்தான். சின்னத் தொழிற்சாலைக்காரர்கள், "நாங்களே ஆளைக் குறைச்சுட்டு இருக்கோம்ணே" என்றார்கள். அது உண்மை, வருத்தமில்லை. பெரிய தோட்டங்களின் தொழிற்சாலைகளில் ஆள் தேவை இருந்தது. அங்கே கேட்டது சான்றிதழ். பட்டம் அல்லது டிப்ளமோ. எனக்கு இருப்பது பிளஸ் டூ மார்க் ஷீட்டும், மூடிப்போன தொழிற்சாலையின் லெட்டர்பேடில் எழுதிய அனுபவக் கடிதமும். ஒரு இடத்தில் மேனேஜர் நல்ல மனிதர், வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். கடிதத்தைப் படித்துவிட்டு அதில் இருந்த நம்பருக்கு என் முன்னாலேயே போன் போட்டார். அந்த லைனை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். "நான் நம்புறேன் சார், ஆனா மேலே அனுப்புறதுக்கு எழுத்துல ஏதாவது வேணுமே" என்றார். உள்ளே தொட்டியில் இலை வாடிக்கொண்டிருந்த வாசனை ஆபீஸ் வரைக்கும் வந்தது. வாட்டம் கொஞ்சம் மிஞ்சிப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. சொல்வதற்கு நான் அங்கே யார்?

அப்புறம் தனியார் வேலைவாய்ப்பு முகாம். இந்தச் செய்தியைத் தங்கள் நாளிதழில் பார்த்துத்தான் ஊட்டிக்குப் போனேன். எத்தனை நிறுவனங்கள் வருகின்றன, எத்தனை பேரை எடுக்கப் போகிறார்கள், என்னென்ன ஆவணம் கொண்டுவர வேண்டும் என்று எல்லாம் போட்டிருந்தது. வயது போடவில்லை. பையன்களும் பெண் பிள்ளைகளுமாக நல்ல கூட்டம். ஒவ்வொரு மேஜையிலும் வரிசையில் நின்றேன். திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை மில், மருந்துக் கடைத் தொடர், காப்பீடு விற்கிற கம்பெனி. ஒரு மேஜையில் இருந்த பெண், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், "அண்ணா, முப்பத்தஞ்சு வரைக்கும்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பிள்ளைக்கு என்னைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. எடுப்பதாக இருந்தது காப்பீட்டுக் கம்பெனி மட்டும்தான். சம்பளம் இல்லை, கமிஷன். சொந்தக்காரர்களிடம் பாலிசி விற்க வேண்டும். என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் என் நிலைமையில் இருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, இங்கே தங்களிடம் ஒரு வேண்டுகோள். முகாம் செய்தி போடும்போது ஒவ்வொரு நிறுவனமும் எந்த வயது வரை எடுக்கிறது, சம்பளம் எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். கோத்தகிரியிலிருந்தும் எருமாட்டிலிருந்தும் ஊட்டிக்கு வருகிறவனுக்கு அது ஒரு நாள் கூலி, பஸ் செலவு, ஜெராக்ஸ், போட்டோ. வேலை இல்லாதவன் கையில் இருந்துதான் அந்தப் பணமும் போகிறது. அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் பதிந்து வைத்திருக்கிறேன். காசு கேட்காத நல்ல ஏற்பாடு அது. ஆனால் விண்ணப்பித்த கம்பெனிகள் எடுக்கவில்லை என்றுகூடச் சொல்வதில்லை. இல்லை என்று ஒரு மெசேஜ் வந்தால் அந்த இடத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். பதிலே வராதபோது போன் அடிக்கிறபோதெல்லாம் அதுவாக இருக்குமோ என்று ஓடுகிறேன். இதைப் படிக்கிற கம்பெனிக்காரர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அந்த ஒரு மெசேஜை அனுப்புங்கள்.

"வேலை எங்கே இல்லை, செய்யத்தான் ஆளில்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. தங்கள் வாசகர் கடிதங்களிலும் அடிக்கடி வருகிறது. அவர்களுக்குச் சொல்கிறேன். கேரட் எடுக்கப் போனேன். நடு ராத்திரி தாண்டி ஜீப்பில் ஏறி, டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கிச் சாக்கில் கட்டி, காலை மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி கிளம்புவதற்குள் ஏற்ற வேண்டும். கூலி மோசமில்லை. என் முதுகு தாங்கவில்லை. இருபது வயதுப் பையன்களோடு ஈடு கொடுக்க முடியவில்லை என்றதும் அடுத்த தடவை கூப்பிடவில்லை. ஒரு காட்டேஜில் காவல் வேலை கேட்டேன். காவல், தோட்டம், அறை சுத்தம், விருந்தாளிக்குச் சமையல் எல்லாவற்றுக்கும் கணவன் மனைவி இரண்டு பேரும் வந்து அங்கேயே தங்க வேண்டும், ஒரே சம்பளம் என்றார்கள். என் மனைவி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் கூலியில்தான் இப்போது வீடு ஓடுகிறது, அதை விடச் சொல்கிறார்கள். வெயில் காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிற ஓட்டல்களிலும் கேட்டேன். 2025 ஏப்ரலில் இருந்து ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று இ-பாஸில் வரம்பு வைத்ததைச் சொல்லி, கூட்டம் எப்படி இருக்குமோ தெரியாது, பிறகு பார்க்கலாம் என்றார்கள். மலை தாங்கவில்லை என்றுதான் நீதிமன்றம் அப்படிச் சொன்னது, அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் வண்டியைக் குறைத்தால் வேலையும் குறையும், அதற்கு என்ன வழி என்றும் யாராவது யோசித்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் செக்யூரிட்டி வேலை இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம். தங்க இடம் கேட்டால் ஒரு ஹாலில் பத்துப் பேர். போய் வர முடியாதா என்று கேட்பீர்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து, மேட்டுப்பாளையம் - கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை வழியாகத் தினமும் ஏறி வருவது நடக்காத காரியம். பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டில் நின்றால் பஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். வயதான அம்மாவையும் பிளஸ் டூ படிக்கிற மகளையும் மனைவி ஒருத்தி தலையில் போட்டுவிட்டு இறங்கத்தான் வேண்டும் என்றால் இறங்குகிறேன். ஆனால் ராத்திரி முழுக்க இலையைப் பார்த்துப் பழகினவன், இலை இருக்கிற ஊரை விட்டு அபார்ட்மெண்ட் கேட்டில் உட்காரப் போகிறானே என்று எனக்கே தாங்கவில்லை.

வெளிநாட்டு வேலை பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஆப்பிரிக்கத் தேயிலைத் தோட்டங்களில் டீ மேக்கர் வேலை என்று வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் சுற்றுகின்றன. என்னோடு சலிப்பில் வேலை பார்த்த தம்பி ஒருவன் மனைவி நகையை அடகு வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டினான். விசா வரவில்லை, ஏஜென்ட் போனும் எடுப்பதில்லை. மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜென்டுகள்தான் ஆள் அனுப்பலாம். அவர்களும் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம் என்று விதி இருக்கிறது. தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978-லிருந்து நடத்துகிறது. பணம் போன பிறகுதான் எங்களுக்கு இதெல்லாம் தெரிய வருகிறது. மலைக் கிராமங்களில் ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாலே எத்தனையோ நகை தப்பும்.

அரசு உதவி இருக்கிறதே என்றால், அங்கேயும் வயதுதான். வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பிளஸ் டூ படித்தவருக்கு மாதம் 400 ரூபாய், பட்டதாரிக்கு 600. அதற்கும் பதிந்துவிட்டு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும், வயது 40-க்குள் இருக்க வேண்டும், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் என்றால் 45. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. என் மனைவியின் கூலியே அதைத் தாண்டிவிடும். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் இருந்தவர்கள் வேலை இழந்தால், அவர்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு தடவை தருகிற திட்டம் 2018-லிருந்து இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. மாதா மாதம் மனைவிக்கு வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயில் அம்மாவின் மருந்து வாங்குகிறோம், அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளிக்குப் புதுத் திறன் கற்க 15 நாள் சம்பளம் கொடுக்க ஒரு நிதி என்று இருக்கிறது. எனக்கு வேலை போனது அதற்கு முன்னால். இருந்தாலும் இதைப் படித்ததிலிருந்து மனதில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் எங்களுக்குப் புதுத் தொழில் கற்றுக்கொடுக்கத்தான் நினைக்கிறார்கள். எங்களுக்கு ஒரு தொழில் ஏற்கெனவே தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் ராத்திரி கண் விழித்துக் கற்றது. அதை ஒப்புக்கொண்டு ஒரு தாள் கொடுக்கத்தான் ஆளில்லை.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. படிப்பு இல்லாமலே வேலையில் கற்ற திறனைச் சோதித்துச் சான்று தருவதற்கு மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. கொத்தனார், தையல்காரர் எல்லாம் அதில் சான்று வாங்குகிறார்கள் என்கிறார்கள். தேயிலை வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் குன்னூரில்தான் இருக்கிறது. தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியும் அங்கேதான். இன்ட்கோசர்வ் என்கிற கூட்டுறவு இணையத்தின் தேயிலைத் தொழிற்சாலைகள் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து, ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையில் எங்களை ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். இலை இறங்குவதிலிருந்து தூள் சலித்து முடியும் வரை எங்கள் கையில் விடுங்கள். விடிந்ததும் அந்தத் தூளைத் தரகர்களிடம் கொடுத்துச் சுவைக்கச் சொல்லுங்கள். தேறினவனுக்கு வாரியத்தின் முத்திரையோடு ஒரு சான்றிதழ் கொடுங்கள், தேறாதவனுக்கு வேண்டாம். டீ மேக்கருக்கு மட்டும் கேட்கவில்லை. சி.டி.சி. ரோலரைக் கழற்றிச் சாணை பிடித்துப் பொருத்தத் தெரிந்தவர், விறகு போட்டுச் சூடு நிதானம் தெரிந்தவர், சலிப்பில் கண் பார்வையிலேயே கிரேடு பிரிக்கிற பெண்கள், எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். அந்தச் சான்று இருந்தால் வால்பாறைக்கோ, மூணாறுக்கோ, அஸ்ஸாமுக்கோ போயாவது எங்கள் தொழிலையே செய்வோம். அந்த மேனேஜர் கேட்ட மாதிரி மேலே அனுப்ப எழுத்தில் ஒன்று இருக்கும்.

தங்கள் நிருபர் ஒருவர் இதைக் குன்னூர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் போடுங்கள். சோதனை வைப்பதாக இருந்தால் வருவதற்கு எங்கள் பக்கத்திலேயே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், விவரம் நான் தருகிறேன்.

என் பெயரையும் முகவரியையும் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். சில இடங்களில் இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறார்கள், ஆகவே வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிலாளி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.